இரண்டு பதிவேடுகள்: குழந்தைப் பருவக் கொடுமையும் இளவயது மனச்சோர்வும்

பெங்களூரு சிவாஜிநகரில் புனித மரியன்னை பசிலிக்கா, ரஸ்ஸல் மார்க்கெட், பேருந்து நிலையம், பௌரிங் மருத்துவமனை ஆகிய நான்கும் ஒன்றிலிருந்து ஒன்று நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் உள்ளன. கோயில் ஞானஸ்நானத்தைப் பதிவு செய்தது. பள்ளி வருகையையும் நகராட்சி பிறப்பு இறப்பையும் குறித்துக்கொண்டன. மருத்துவமனை நோயைப் பதிவு செய்தது. ஒரு மனிதரின் பத்தாவது வயது ஒரு பதிவேட்டிலும், அவருடைய இருபத்திரண்டாவது வயது வேறொரு பதிவேட்டிலும் இடம்பெற்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பதற்கான காரணம் நீண்ட காலம் எவருக்கும் தோன்றவில்லை.

குழந்தைப் பருவத்தில் அடியும் வசையும் புறக்கணிப்பும் பாலியல் அத்துமீறலும் அனுபவித்தவர்கள் இளவயதில் மனச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு அதிகம் என்பது இன்று உளவியல் பாடநூல்களில் ஒரு வரியாகச் சுருங்கிவிட்டது. அந்த ஒரு வரிக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. யாரிடம் கேட்பது, எந்தச் சொல்லால் கேட்பது, சொன்னால் நம்புவதா என்ற மூன்று கேள்விகளால் ஆன வரலாறு அது. அதன் இந்தியப் பகுதியில் பெங்களூருக்குத் தனி இடம் இருக்கிறது.

*

1. பிளாக்பள்ளியின் குழந்தைகள்

சிவாஜிநகரின் பழைய பெயர் பிளாக்பள்ளி. 1809இல் ஆங்கிலேயர் பெங்களூரில் படைமுகாம் அமைத்தபோது, அதைச் சார்ந்து வாழ வந்தவர்களில் தமிழ் பேசுவோர் பெரும்பங்கினர். சிப்பாய்கள், சமையற்காரர்கள், குதிரைக்காரர்கள், சலவைத் தொழிலாளர், கட்டடக் கூலிகள், தானிய வணிகர் எனப் பல தரப்பினர் அவர்களில் இருந்தனர். 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மெண்ட் நிலையம் வரை ரயில் பாதை திறக்கப்பட்ட பிறகு வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து பெங்களூருக்கு வருவது எளிதாயிற்று. சிவில்-மிலிட்டரி ஸ்டேஷன் என்று அழைக்கப்பட்ட இப்பகுதி 1947 ஜூலை வரை மைசூர் மன்னரின் ஆளுகைக்கு வெளியே, ஆங்கிலேய ரெசிடெண்டின் நிர்வாகத்தில் இருந்தது. 1949இல்தான் இரண்டு நகரங்களும் ஒரே மாநகராட்சியாயின. தர்மராஜா கோயில் தெரு, நாராயண பிள்ளை தெரு ஆகிய பெயர்கள் அந்தக் குடியேற்றத்தின் எச்சங்கள்.

இந்த மக்கள் இரண்டு பேரழிவுகளைக் கண்டனர். முதலாவது 1876-78 பஞ்சம். 1871 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 50 லட்சமாக இருந்த மைசூர் அரசின் மக்கள்தொகை 1881இல் ஏறத்தாழ 42 லட்சமாகக் குறைந்தது. பஞ்சத்துக்குப் பிறகு கத்தோலிக்க, புரோட்டஸ்டண்ட் மிஷன்கள் மைசூர்ப் பகுதியில் அநாதை இல்லங்களைத் திறந்தன. இரண்டாவது 1898இல் பெங்களூரை அடைந்த பிளேக். நெரிசலான பிளாக்பள்ளியை அது கடுமையாகத் தாக்கியது. பின்னர் பிரேசர் டவுன் போன்ற புதிய குடியிருப்புகள் திட்டமிடப்பட்டதற்கு அந்தத் தொற்றே முக்கியக் காரணம்.

இத்தகைய காலங்களின் அட்டவணைகளில் வயதுக்கு ஒரு கட்டம், சாதிக்கு ஒரு கட்டம், மதத்துக்கு ஒரு கட்டம், இறப்பின் காரணத்துக்கு ஒரு கட்டம் இருக்கும். பெற்றோரை இழந்த குழந்தையின் எண்ணிக்கை அநாதை இல்லத்தின் ஆண்டறிக்கையில் கிடைக்கும். அந்தக் குழந்தை உறவினர் வீட்டில் எப்படி நடத்தப்பட்டது, பட்டறையில் எத்தனை மணி நேரம் வேலை செய்தது, யாரிடம் அடி வாங்கியது என்பதற்கெல்லாம் கட்டம் கிடையாது. அன்றைய நிர்வாகத்தின் கண்ணில் குழந்தை உயிரோடு இருப்பதே நலம் என்று பொருள்.

அடிப்பது கொடுமை என்ற எண்ணமும் அன்று பரவலாக இல்லை. திண்ணைப் பள்ளிகளில் மாணவனின் கைகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடும் தண்டனைக்குக் ‘கோதண்டம்’ என்று ஒரு பெயரே இருந்தது. பெயர் வைக்கும் அளவுக்கு அது வழக்கமாக இருந்தது என்பதே கவனிக்கத்தக்கது. ‘அடியாத மாடு பணியாது’ என்ற பழமொழி மாட்டைப் பற்றி மட்டும் சொல்லப்பட்டதன்று.

2. மனநலக் காப்பகத்தின் காரணப் பட்டியல்

மற்றொரு பதிவேடு நகரின் பேட்டைப் பகுதியில் தொடங்கியது. 1847இல், மைசூர் ஆணையத்தின் அறுவை மருத்துவராக இருந்த சார்லஸ் இர்விங் ஸ்மித்தின் முயற்சியால் பெங்களூர் மனநலக் காப்பகம் தோன்றியது. 1925இல் அது மனநல மருத்துவமனை என்று பெயர் மாறியது. 1954இல் அகில இந்திய மனநல நிறுவனம் அதனோடு தொடங்கப்பட்டது. 1974இல் இரண்டும் இணைந்து நிம்ஹான்ஸ் ஆயின.

பிரிட்டிஷ் இந்தியக் காப்பகங்களின் ஆண்டறிக்கைகளில் பித்தின் காரணங்கள் இரு பிரிவாகப் பட்டியலிடப்பட்டன. உடல்சார் காரணங்களில் கஞ்சா, சாராயம், காய்ச்சல், வலிப்பு, பரம்பரை ஆகியவை இருந்தன. மனஞ்சார் காரணங்களில் துக்கம், அச்சம், குடும்பத் தொல்லை ஆகியவை இடம்பெற்றன. இவை அனைத்தும் நோய் தொடங்குவதற்குச் சற்று முன் நடந்த நிகழ்வுகளாகவே கருதப்பட்டன. பத்தாண்டுக்கு முன் நடந்த ஒன்று இன்றைய நோய்க்குக் காரணமாகலாம் என்ற கால இடைவெளி அந்தப் பட்டியலின் அமைப்பிலேயே இல்லை.

மனச்சோர்வு என்ற நோயும் அங்கே சரியாகத் தெரியவில்லை. இந்தியரிடம் மனச்சோர்வு அரிது என்பது காலனிய மருத்துவத்தில் நெடுங்காலம் உலவிய கருத்து. காப்பகத்துக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் பெரும்பாலும் பிறருக்குத் தொல்லை தந்தவர்கள், தெருவில் திரிந்தவர்கள். வீட்டின் மூலையில் பேச்சற்று அமர்ந்திருக்கும் இருபது வயதுப் பெண்ணை யாரும் அங்கே கொண்டுபோகவில்லை. எனவே நோயின் அரிதான தன்மை என்று கருதப்பட்டது பெரிதும் சேர்க்கை முறையின் விளைவே. இக்கருத்தை மாற்றியவர்களில் மதுரை மருத்துவக் கல்லூரியின் அ. வெங்கோபராவ் முக்கியமானவர். தென்னிந்தியரிடம் மனச்சோர்வு பரவலாக இருப்பதையும் அதன் இயல்புகளையும் 1960கள் முதல் அவர் தொடர்ந்து எழுதினார்.

இவ்வாறு 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஒரு பக்கம் கொடுமை என்று பெயரிடப்படாத குழந்தைப் பருவமும், மறுபக்கம் நோய் என்று அறியப்படாத மனச்சோர்வும் இருந்தன. பெயரற்ற இரண்டுக்கும் இடையே உறவு தேட வழியில்லை.

3. எக்ஸ்ரே கண்டதும் காணாததும்

மேலைநாட்டிலும் இந்த உறவு நேர்வழியில் கண்டறியப்படவில்லை. 1896இல் சிக்மண்ட் பிராய்ட், தம்மிடம் வந்த நோயாளிகளின் துன்பத்துக்கு வேர் குழந்தைப் பருவப் பாலியல் அத்துமீறல் என்றார். அடுத்த ஆண்டே அந்தக் கருத்திலிருந்து விலகத் தொடங்கினார். நினைவுகூரப்பட்டவற்றுள் பல நடந்தவை அல்ல, உள்மன விருப்பத்தின் கற்பனைகள் என்ற விளக்கம் அதன் இடத்தைப் பிடித்தது. கேள்வி கேட்கப்பட்டது, பதிலும் கிடைத்தது, ஆனால் பதிலை நம்பும் துணிவு நிலைக்கவில்லை. இந்த ஐயம் அடுத்த பல பத்தாண்டுகளின் மருத்துவத்தில் படிந்திருந்தது.

பிறகு வந்த சான்று பேச்சிலிருந்து வரவில்லை, எலும்பிலிருந்து வந்தது. 1946இல் அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் ஜான் காஃபி, தலைக்குள் இரத்தக் கசிவுள்ள குழந்தைகள் சிலரின் கைகால் எலும்புகளில் விளக்க முடியாத முறிவுகளைக் கண்டார். 1962இல் ஹென்றி கெம்ப்பும் அவரது குழுவினரும் 71 மருத்துவமனைகளிலிருந்து 302 குழந்தைகளின் விவரங்களைத் திரட்டினர். அவர்களில் 33 பேர் இறந்திருந்தனர், 85 பேருக்கு நிலையான மூளைச் சேதம். ‘அடிபட்ட குழந்தை நோய்க்குறி’ என்ற பெயர் அங்கிருந்து பரவியது. சில ஆண்டுகளிலேயே அமெரிக்க மாநிலங்கள் கட்டாயப் புகார்ச் சட்டங்களை இயற்றின.

எக்ஸ்ரே தந்த வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது. எலும்பு முறிந்தால் கொடுமை, முறியாவிட்டால் வளர்ப்பு முறை என்ற எண்ணம் அதனால் வலுப்பெற்றது. ஒவ்வொரு நாளும் ‘நீ எதற்குப் பிறந்தாய்’ என்று கேட்கப்படும் குழந்தையின் படத்தில் எதுவும் தெரியாது.

பிற்கால நோயோடு இணைக்கும் வேலையை வேறு சிலர் செய்தனர். 1978இல் ஜார்ஜ் பிரௌனும் டிரில் ஹாரிஸும் இலண்டனின் கேம்பர்வெல் பகுதியில் 458 பெண்களிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டனர். பதினொரு வயதுக்கு முன் தாயை இழந்த பெண்கள், பிற்காலத்தில் ஒரு நெருக்கடி வந்தபோது மனச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. 1998இல் வின்சென்ட் பெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் காப்பீட்டு மருத்துவமனைக்கு வந்த 9,508 பேர் தங்கள் குழந்தைப் பருவம் பற்றிய வினாத்தாளை நிரப்பியிருந்தனர். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பங்களைச் சந்தித்தவர்களிடம் குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் வாய்ப்பு 4 முதல் 12 மடங்கு வரை உயர்ந்திருந்தது. பெலிட்டி இந்தக் கேள்விக்கு வந்த வழி எதிர்பாராதது: உடல்பருமன் சிகிச்சையில் நன்றாக எடை குறைந்தவர்களே பாதியில் விலகுவதைக் கண்டு அவர்களிடம் பேசத் தொடங்கியபோதுதான் அவர்களுடைய சிறுவயதுக் கதைகள் வெளிவந்தன.

4. இந்தியாவில் கேட்கத் தொடங்கிய காலம்

இந்தியாவில் கேள்வி 1990களில் மருத்துவமனைக்கு வெளியே எழுந்தது. பெங்களூரில் சம்வாதா அமைப்பு கர்நாடகத்தின் பள்ளி, கல்லூரி மாணவியரிடம் பாலியல் அத்துமீறல் குறித்துக் கேட்டது. நிம்ஹான்ஸில் குழந்தை மனநல மருத்துவர் சேகர் சேஷாத்ரி இதைப் பற்றிப் பொதுவெளியில் பேசத் தொடங்கியதும் அக்காலத்தில்தான். 1998இல் டெல்லியின் ராஹி அமைப்பு, ஆங்கிலம் பேசும் நடுத்தர, மேல்தட்டுப் பெண்கள் 600 பேரிடம் கேட்டதில் 76 விழுக்காட்டினர் சிறுவயதில் அத்துமீறலுக்கு ஆளானதாகக் கூறினர். இது சேரிகளின் சிக்கல் என்ற ஆறுதல் அத்துடன் ஆட்டம் கண்டது. 2006இல் சென்னையின் துளிர் அமைப்பு 2,211 பள்ளி மாணவர்களிடம் நடத்திய ஆய்வில் 42 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் அத்துமீறலைத் தெரிவித்தனர். சிறுமியரில் 39 விழுக்காட்டினரும் சிறுவரில் 48 விழுக்காட்டினரும் அவ்வாறு கூறினர். ‘ஆண் பிள்ளைக்கு என்ன ஆகும்’ என்ற நம் வீட்டுப் பேச்சை அந்த எண் கேள்விக்குள்ளாக்கியது.

2007இல் ஒன்றிய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் தேசிய அளவிலான ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடமும், தங்கள் சிறுவயதை நினைவுகூர்ந்த 2,324 இளைஞர்களிடமும் கேட்கப்பட்டது. மூன்றில் இரண்டு குழந்தைகள் உடல்ரீதியான கொடுமையையும், 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் கொடுமையையும், இருவரில் ஒருவர் மனரீதியான கொடுமையையும் தெரிவித்தனர். பெரும்பாலோர் அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. 2012இல் போக்சோ சட்டம் வருவதற்கான பின்புலத்தில் இந்த ஆய்வுக்குப் பங்குண்டு. அந்த 13 மாநிலங்களில் கர்நாடகமும் தமிழ்நாடும் இல்லை என்பதை இவ்வெண்களை எடுத்தாளும் மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்கெடுப்புகள் முதல் பதிவேட்டில் புதிய கட்டங்களைத் திறந்தன. இரண்டாம் பதிவேடு, அதாவது நோயாளியின் கோப்பு, மாறியதற்குப் பெங்களூரில் இரு ஆய்வுகள் சான்று.

ஒன்று, 1996இல் ஆர். ரகுராமும் மிட்செல் வைஸும் சன்னபசவண்ணாவும் பிறரும் வெளியிட்டது. மனநலச் சிகிச்சைக்கு வந்த 80 பேரிடம், தங்கள் துன்பத்தை அவர்கள் எப்படி விளக்குகிறார்கள் என்று கேட்டனர். துக்கம், ஆர்வமின்மை ஆகிய மனச்சோர்வு அறிகுறிகள் மிகுந்தவர்களிடம் பழிச்சொல் பற்றிய அச்சம் மிகுந்திருந்தது. உடல்வலி அறிகுறிகள் மிகுந்தவர்களிடம் அது குறைந்திருந்தது. ‘மனசு சரியில்லை’ என்று சொன்னால் திருமணம் தடைபடும், ‘உடம்பு அசதி, நெஞ்சு படபடப்பு’ என்றால் யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். நம்மவர்க்கு உணர்வைச் சொல்லும் திறன் குறைவு என்ற பழைய கருத்துக்கு மாறாக, எதைச் சொல்வது பாதுகாப்பானது என்று அவர்கள் நன்கு அறிந்திருந்ததை இது காட்டுகிறது. தமிழும் கன்னடமும் தக்கினி உருதும் கலந்து ஒலிக்கும் பௌரிங் போன்ற பொது மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்கு இதன் பொருள் பெரிது. தலைவலி மாத்திரையோடு திரும்பும் இளைஞரிடம் மனச்சோர்வையே யாரும் தேடவில்லை என்றால், அதற்குப் பின்னால் உள்ள சிறுவயதை யார் தேடுவார்?

மற்றொன்று, 2003இல் பிரபா சந்திராவும் அவருடைய குழுவினரும் வெளியிட்டது. தென்னிந்தியாவின் மனநல மருத்துவமனை ஒன்றில் தொடர்ச்சியாகச் சேர்க்கப்பட்ட 146 பெண்களிடம், பாலியல் வற்புறுத்தலைச் சந்தித்ததுண்டா என்று நேரடியாகவும் பரிவோடும் கேட்டனர். எந்த வயதில் நடந்ததையும் உள்ளடக்கிய கேள்வி அது. 50 பேர், அதாவது 34 விழுக்காட்டினர், உண்டு என்றனர். அந்த 50 பேரில் 30 பேர் அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்லாததற்குக் காரணம் மறதி இல்லை. யாரும் கேட்கவில்லை.

5. உறவின் அளவும் எல்லையும்

இன்று கிடைக்கும் சான்றுகளை நிதானமாக எடைபோட்டால் சில செய்திகள் தெளிவாகின்றன.

முதலாவது, உறவு உண்மையானது. அமெரிக்காவில் கேத்தி ஸ்பாட்ஸ் விடமின் ஆய்வு இதில் தனிச்சிறப்புடையது. பதினொரு வயதுக்கு முன் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானதாக நீதிமன்ற ஆவணங்களில் உறுதியான 676 குழந்தைகளையும், ஒப்பீட்டுக்காக 520 பேரையும் அவர் நெடுங்காலம் பின்தொடர்ந்தார். ஏறத்தாழ 29 வயதில் சந்தித்தபோது, முதல் குழுவினருக்கு அவ்வேளையில் மனச்சோர்வு இருப்பதற்கான வாய்ப்பு ஒன்றரை மடங்காக இருந்தது. ஆவணத்திலிருந்து முன்னோக்கிச் சென்ற ஆய்வு இது என்பதால், நினைவின் பிழை என்று ஒதுக்க முடியாது.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத கொடுமையே மனச்சோர்வோடு அதிகம் பிணைந்திருக்கிறது. ரோசனா நார்மனும் பிறரும் 2012இல் பல ஆய்வுகளைத் தொகுத்தபோது, மனச்சோர்வுக்கான வாய்ப்பு விகிதம் உடல்ரீதியான கொடுமைக்கு 1.54, புறக்கணிப்புக்கு 2.11, மனரீதியான கொடுமைக்கு 3.06 என்று கிடைத்தது. எக்ஸ்ரே தொடங்கிவைத்த துறை, எக்ஸ்ரேயில் விழாத ஒன்றில் வந்து நின்றது. அடி நின்றுவிட்ட வீடுகளிலும் ஒப்பீடும் இழிசொல்லும் அன்பை நிபந்தனையாக்குவதும் தொடரலாம். மதிப்பெண் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பேசப்படும் சொற்களும் இக்கணக்கில் வரும்.

மூன்றாவது, சிறுவயதுக் கொடுமை நோயின் போக்கையும் மாற்றுகிறது. வாலண்டினா நான்னியும் பிறரும் 2012இல் செய்த தொகுப்பாய்வின்படி, கொடுமை வரலாறு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மீண்டும் வரவோ நீடிக்கவோ உள்ள வாய்ப்பு இருமடங்குக்கும் மேல். சிகிச்சைக்குப் பலன் கிடைக்காமற்போகும் வாய்ப்பும் கூடுதல். எனவே மருத்துவர் சிறுவயதைப் பற்றிக் கேட்பதற்குச் சிகிச்சை சார்ந்த காரணம் உண்டு.

நான்காவது, காரணம் ஒற்றை இழையாக ஓடுவதில்லை. நெடுநாள் அச்சத்தில் வளரும் குழந்தையின் உடலில் அழுத்தச் சுரப்பிகளின் ஒழுங்கு மாறுகிறது. ‘என்னிடம்தான் குறை’ என்ற எண்ணம் இயல்பாகப் பதிகிறது. படிப்பு தடைபடுகிறது, நம்பிக்கையோடு பழகும் உறவுகள் குறைகின்றன. வறுமையும் குடிநோயும் உள்ள வீட்டில் கொடுமையும் சேர்ந்தே இருப்பதால், எது எதன் விளைவு என்று பிரிப்பது கடினம். 2003இல் ஒரு மரபணு வேறுபாடே யார் பாதிக்கப்படுவார் என்பதைத் தீர்மானிக்கிறது என்ற ஆய்வு பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. 2009இல் வந்த தொகுப்பாய்வு அதை உறுதிப்படுத்தவில்லை. எளிய விடைகளிடம் எச்சரிக்கை தேவை.

ஐந்தாவதும் முக்கியமானதும் இதுதான்: வாய்ப்பு கூடுகிறது என்பது விதி எழுதப்பட்டுவிட்டது என்று பொருள்படாது. கொடுமையைச் சந்தித்த பலர் மனச்சோர்வுக்கு ஆளாவதில்லை. மனச்சோர்வுக்கு ஆளான பலரின் சிறுவயதில் கொடுமை இல்லை. இந்த எளிய கணக்கை மறந்தால், ஆய்வு முடிவே பாதிக்கப்பட்டவர்மீது இன்னொரு முத்திரையாகிவிடும்.

6. நினைவா, ஆவணமா?

அண்மைக்கால ஆய்வு இந்த இரு பதிவேடுகளின் கதையில் எதிர்பாராத திருப்பத்தைக் கொண்டுவந்தது. 2019இல் ஜெஸ்ஸி பால்ட்வினும் பிறரும் 16 ஆய்வுகளை ஒப்பிட்டனர். குழந்தையாக இருந்தபோது ஆவணத்தில் பதிவானவர்களும், வளர்ந்தபின் தாமே கொடுமையை நினைவுகூர்ந்தவர்களும் பெரும்பாலும் ஒரே மனிதர்களாக இல்லை. ஆவணத்தில் உள்ளவர்களில் பாதிப்பேர் பின்னாளில் அதைச் சொல்லவில்லை. சொன்னவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆவணத்தில் இல்லை. 2020இல் ஆண்ட்ரியா டானீஸும் விடமும், முன்பு குறிப்பிட்ட அதே 1,196 பேரின் விவரங்களை மீண்டும் ஆராய்ந்தனர். மனநோயின் வாய்ப்பு, தம் குழந்தைப் பருவத்தைக் கொடுமையானதாக உணர்ந்து சொன்னவர்களிடமே மிகுந்திருந்தது. ஆவணம் மட்டும் இருந்து அத்தகைய உணர்வைச் சொல்லாதவர்களிடம் அது மிகக் குறைவாக இருந்தது.

இதைத் தவறாகப் படிக்க வழிகள் பல. ‘எல்லாம் மனப்பிரமை’ என்று பிராய்டின் 1897ஆம் ஆண்டுக்குத் திரும்புவது ஒரு வழி. சோர்ந்த மனம் கடந்த காலத்தையும் இருட்டாகக் காணும் என்பதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் நீதிமன்றத்தையும் காவல்நிலையத்தையும் எட்டாத கொடுமைதான் பெரும்பான்மை என்பதும் உண்மை. ஆவணத்தில் இல்லாதது நடக்கவில்லை என்று எந்த வரலாற்று மாணவரும் சொல்லத் துணியமாட்டார். பிளாக்பள்ளியின் பஞ்ச அட்டவணையில் கட்டம் இல்லாததால் அந்தக் குழந்தைகள் துன்பப்படவில்லை என்று முடிவு செய்ய முடியுமா? ஆவணம் நிகழ்வைப் பதிவு செய்கிறது. அதன் பொருளை மனிதர் சுமக்கிறார். மனச்சோர்வு அந்தப் பொருளோடு தொடர்புடையது என்பதுதான் இவ்வாய்வுகள் சொல்வது. சிகிச்சைக்கு இடம் இருப்பதும் அங்கேதான். நிகழ்வை மாற்ற முடியாது. ‘என் குறையால்தான் அப்படி நடந்தது’ என்ற பொருளை மாற்ற முடியும்.

வீட்டுக்குள் நடப்பதை மட்டும் கேட்பதும் போதாது. உலகச் சுகாதார நிறுவனம் உருவாக்கிய வினாத்தொகுப்பில் தெருவன்முறை, கூட்டு வன்முறை, சக மாணவரின் துன்புறுத்தல் ஆகியவையும் உள்ளன. நிம்ஹான்ஸை மையமாகக் கொண்டு பெங்களூரு, மைசூரு, ரிஷிவேலி, சண்டிகர், கொல்கத்தா, இம்பால் ஆகிய இடங்களில் 6 முதல் 23 வயது வரையுள்ளோரைப் பின்தொடரும் சி-வேதா ஆய்வு இத்தொகுப்பைப் பயன்படுத்துகிறது. சிவாஜிநகரைப் போன்ற பகுதிக்கு இது பொருத்தமானது. 1991 டிசம்பரில் காவிரிச் சிக்கலை ஒட்டிப் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டபோதும், 1994 அக்டோபரில் உருதுச் செய்தி ஒளிபரப்பை ஒட்டிக் கலவரம் நடந்தபோதும் குழந்தைகளாக இருந்தவர்கள் இன்று நடுவயதினர். அவர்களுடைய இளவயதில் எந்த மருத்துவராவது அந்த இரவுகளைப் பற்றிக் கேட்டிருப்பாரா என்பது ஆய்வுக்குரிய கேள்வி.

7. கேட்பவரின் பொறுப்பு

கேள்வியைக் கேட்பது அவ்வளவு எளிதும் இல்லை. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒருவர்மீது பாலியல் குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தவறினால் தண்டனை. மௌனத்தை உடைக்க வந்த இச்சட்டம் வேறொரு தயக்கத்தையும் உண்டாக்குகிறது. பதினேழு வயதில் பி.யு.சி. படிக்கும் மாணவி ஆலோசகரிடம் வாய் திறந்தால், அடுத்த நாள் வீட்டு வாசலில் காவலர் நிற்கக்கூடும். குற்றவாளி வீட்டிற்குள் இருப்பவர் என்றால் அவள் இழப்பது என்ன, யாரிடம் தங்குவாள், கல்லூரிக் கட்டணத்தை யார் செலுத்துவார்? இந்தக் கேள்விகளுக்கு விடை தயாராக இல்லாத இடத்தில் மௌனமே அவளுக்குப் பாதுகாப்பாகத் தோன்றும். அவளிடம் பேசத் தொடங்கும் முன்பே, எதை இரகசியமாக வைக்க முடியும், எதை முடியாது என்று சொல்லிவிடுவதே நேர்மையான வழி.

பேரளவில் நோக்கினாலும் இடைவெளி பெரிது. நிம்ஹான்ஸ் 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் இருபதில் ஒருவர் வாழ்வில் ஒருமுறையேனும் மனச்சோர்வுக்கு ஆளானவர். அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை. 2022இல் தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம், குழந்தைகளுக்கான 1098 அதற்கு முன்பிருந்தே உண்டு. எண்கள் இருப்பது நல்லது. மறுமுனையில் இருப்பவர் அவசரப்படாமலும் தீர்ப்புச் சொல்லாமலும் கேட்கக் கற்றவராக இருப்பது அதைவிட முக்கியம்.

ஆய்வு மாணவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. கல்லூரிகளில் வினாத்தாள் வழங்கிச் சிறுவயதுக் கொடுமையையும் மனச்சோர்வையும் ஒரே நாளில் அளந்து, இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று எழுதும் ஆய்வேடுகள் பெருகிவருகின்றன. ஒரே பொழுதில் கேட்கப்பட்ட இரு விடைகளிலிருந்து காரணத்தைப் பெற முடியாது என்பதை அவை தெளிவாகச் சொல்ல வேண்டும். அதைவிட, அந்தக் கேள்விகளுக்கு ‘ஆம்’ என்று குறியிட்ட மாணவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போன பிறகு அவருக்கு என்ன ஏற்பாடு செய்யப்பட்டது என்பதும் ஆய்வேட்டில் இருக்க வேண்டும். அவர் வாழ்வில் முதன்முறையாக அந்தக் கேள்வியைக் கேட்டவர் அந்த ஆய்வாளராகவே இருக்கலாம்.

1868இல் திறக்கப்பட்ட பௌரிங் மருத்துவமனையின் முன் இன்றும் காலையில் புறநோயாளிச் சீட்டுக்கு வரிசை நிற்கிறது. பெயர், வயது, முகவரி, தொந்தரவு ஆகியவற்றுக்குச் சீட்டில் இடம் இருக்கும். சிறுவயதுக்கு அதில் ஒரு கட்டம் சேர்ப்பதால் மட்டும் எதுவும் மாறிவிடாது. வரிசையின் முடிவில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், ‘தலைவலி எப்போதிலிருந்து?’ என்று கேட்டபின் பேனாவைக் கீழே வைத்து, ‘சின்ன வயசுல வீட்டுல எப்படி இருந்தீங்க?’ என்றும் கேட்க நேரமும் பயிற்சியும் பெற்றிருந்தால், தனித்தனியே எழுதப்பட்ட இரண்டு பதிவேடுகளும் அந்த மேசையில் ஒன்றாகத் திறக்கும்.